பக்கத்தில் ஓர் ஆள்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் உடம்புக்கு முடியாத ஒருவர், டாக்டர் இருக்கும் இடத்துக்குப் போகாமலே அவரைப் பார்க்க இன்று வழிகள் உண்டு. அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அரசின் இ-சஞ்சீவனி. கைப்பேசியில் பதிவு செய்து, முறை வந்ததும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பேசலாம், காசு கிடையாது. மற்றது, அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தும் விஷன் சென்டர். இதற்கு எழுந்து கிளம்பிப் போக வேண்டும்; சிறு கட்டணமும் உண்டு. அங்கே பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைச் சோதித்துப் படம் எடுப்பார். தவளக்குப்பத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனையிலிருந்து டாக்டர் திரையில் வந்து பேசுவார்.

காசு, தூரம், நேரம் ஆகிய மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் முதல் வழிக்குத்தான் கூட்டம் சேர வேண்டும். ஆனால் மக்கள் தயக்கமில்லாமல் போய் உட்காருவது இரண்டாவதில். நோயாளியின் விருப்பத்தை எது தீர்மானிக்கிறது என்று கேட்பவர்கள் கைப்பேசி இருக்கிறதா, படிப்பு இருக்கிறதா, சிக்னல் கிடைக்கிறதா என்றே தொடங்குகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரியின் எழுத்தறிவு 85 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. கைப்பேசி நுழையாத வீடு இங்கே அபூர்வம். ஆகவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த மண்ணின் வரைபடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. தொலைமருத்துவம் பற்றிய பேச்செல்லாம் டாக்டர் இல்லாத ஊரை மனத்தில் வைத்தே எழுந்தது. மலைக்கிராமம், தீவு, பாலைவனம். வில்லியனூரும் பாகூரும் அப்படிப்பட்ட இடங்கள் அல்ல. வில்லியனூரிலிருந்து புதுச்சேரி நகரம் பஸ்ஸில் எட்டிவிடும் தூரம். ஜிப்மர் மருத்துவமனையின் கிராமப்புறச் சுகாதார மையமே வில்லியனூர்ப் பக்கம் இராமநாதபுரத்தில்தான் இருக்கிறது. அரியூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி, ஊசுடு ஏரியை ஒட்டிக் கூடப்பாக்கம் பக்கம் இன்னொன்று. தெற்கே கடலூர்ச் சாலையில் போனால் கிருமாம்பாக்கத்தில் ஒன்று, பிள்ளையார்குப்பத்தில் ஒன்று. கல்லூரி நடக்கப் படுக்கை நிறைய வேண்டும், படுக்கை நிறைய நோயாளி வேண்டும். அதனால் பஸ்ஸை ஊருக்கே அனுப்பி இலவசமாக ஏற்றிப் போகிற வழக்கம் இங்கே வெகுநாளாக உண்டு. சில ஊர்களில் காலையில் பள்ளிக்கூட வண்டிக்கு முன்பே ஆஸ்பத்திரி வண்டி வந்து நிற்கும். பாகூர்க்காரர்களுக்குக் கடலூர் வேறு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் 'அலைச்சல் மிச்சம்' என்ற விளம்பரம் எவ்வளவு எடுபடும்? புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள்ளேயே தொலைமருத்துவம் உயிர்நாடியாக இருக்க வேண்டிய இடம் ஆந்திரக் கரையில் கிடக்கும் ஏனாமும் கேரளக் கரையில் கிடக்கும் மாகேயும்தான். அங்கிருந்து தலைநகரின் பெரிய டாக்டரைப் பார்க்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும். பாகூரில் இருப்பவருக்கு டாக்டர் தூரத்தில் இல்லை. அவருக்குத் தூரமாக இருப்பவை வேறு: வெளிநோயாளிப் பிரிவில் (ஓபி) சீட்டு வாங்க நிற்கும் வரிசை, அங்கே போய்விட்டால் அன்றைக்குப் போகிற கூலி, துணைக்கு வர வேண்டிய மகனின் விடுப்பு. இ-சஞ்சீவனி இந்த மூன்றையும் மிச்சப்படுத்தும் என்பது உண்மை. இருந்தும் ஏன் இழுபடுகிறது?

இ-சஞ்சீவனியை உருவாக்கியது மொகாலியில் உள்ள சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு நிறுவனம். மக்கள் வீட்டிலிருந்தே பேசும் இ-சஞ்சீவனி ஓபிடி, ஊரடங்கின் நடுவே 2020 ஏப்ரல் 13 அன்று தொடங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச் 25 அன்று, தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளியாகி, போனில் மருந்து எழுதுவதற்குச் சட்டத் தெளிவு கிடைத்திருந்தது. ஜிப்மர் போன்ற இடங்களில்கூட நேரடி ஓபி சுருங்கிப்போய், போனில் பேசுவதே வழி என்றிருந்த நாட்கள் அவை. அப்போது மக்கள் பேசினார்கள். தமிழ்நாடு அந்த ஆண்டில் நாட்டிலேயே முன்னணியில் நின்றது. வேறு கதவு திறந்திராதபோது போன கூட்டத்தை விருப்பம் என்று எண்ணுவது சரியா என்பது என் சந்தேகம். கதவுகள் திறந்த பிறகு யார் தங்கினார்கள் என்பதில்தான் விருப்பம் தெரியும்.

தங்காமல் போனவர்கள் எங்கே நழுவினார்கள் என்று படிப்படியாகப் பார்க்கலாம். பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவுக்குப் போகும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். வயது ஐம்பது, முழங்கால் வலி, கொஞ்சம் சர்க்கரை. முதலில் எண்ணைப் போட வேண்டும், ஓடிபி வர வேண்டும். எண் மகனுடையது, மகன் கம்பெனி வேலையில் இருக்கிறான். ஓடிபி அவனுக்குப் போகிறது, அம்மாவுக்குக் கால் வலி என்ற செய்தியும் கூடவே போகிறது. நாடு தழுவிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21), 15 முதல் 49 வயதுப் பெண்களில் இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்தியவர்கள் மூவரில் ஒருவர்தான். தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்தவர்கள் 54 விழுக்காடு. புதுச்சேரி இந்தச் சராசரிக்கு மேலே நிற்கும் ஊர்தான். ஆனால் ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. சர்க்கரையும் மூட்டு வலியும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

சரி, மகன் வீட்டில் இருக்கும் நாளில் உட்கார்ந்து தொடர்பு கிடைத்துவிட்டது என்று வைப்போம். திரையில் வருபவர் யார்? அன்று பணியில் இருக்கும் யாரோ ஒரு டாக்டர். அடுத்த மாதம் பேசினால் வேறொருவர். இங்கேதான் சீனாவின் அனுபவம் ஒப்பிடத் தக்கது. 2006-இல் தொடங்கிய ஹாவோடிஎஃப் போன்ற தளங்களில் நோயாளி டாக்டரைப் பெயர் பார்த்து, ஆஸ்பத்திரி பார்த்து, பிறர் எழுதிய கருத்துகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கிறார். இ-சஞ்சீவனியில் டாக்டரைத் தேர்ந்தெடுக்க இடமில்லை. நம் ஊரில் டாக்டரிடம் போவது என்றால் இன்னாரிடம் போவதுதான். 'கைராசிக்காரர்' என்று ஒருவரைப் பற்றி மூன்று தெருக்களுக்குப் பேச்சு பரவும். அந்தப் பேச்சை வைத்தே நோயாளி பஸ் ஏறுகிறார். பெயர் தெரியாத டாக்டருக்குக் கைராசி எங்கிருந்து வரும்?

அடுத்தது மருந்து. 2020 நெறிமுறைகள் மருந்துகளைப் பட்டியலாகப் பிரித்திருக்கின்றன. பாராசிட்டமால் மாதிரிச் சாதாரண மருந்துகளைக் குரல் அழைப்பிலேயே எழுதலாம். இன்னொரு பட்டியலில் உள்ளவற்றை முதல் முறை எழுத வேண்டுமானால் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது பட்டியல், முன்பே நேரில் பார்த்த நோய்க்குத் தொடர்ச்சியாகத் தருபவை. போதைத் தன்மையுள்ளவை எழுதவே கூடாது. நோயாளியின் பாதுகாப்புக்காக வந்த விதிகள் இவை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடவுக்காரப் பெண்ணுக்கு இந்தப் பட்டியல் தெரியாது. சிக்னல் இழுத்ததால் குரலில் மட்டும் பேசினார். டாக்டர் ஒரு வலி மாத்திரையோடு நிறுத்திக்கொண்டு நேரில் போகச் சொன்னார். 'சும்மா ஒரு மாத்திரையைச் சொல்லிட்டு வெச்சுட்டாங்க' என்பது அவர் பக்கத்து வீட்டில் சொல்லும் செய்தி. ஊசி போடாத டாக்டரையே பாதி டாக்டராகப் பார்க்கும் ஊரில், தொட்டும் பார்க்காத டாக்டருக்கு என்ன மதிப்பு கிடைக்கும்!

எழுதிய மருந்துச் சீட்டு போனுக்கு வருகிறது. மாத்திரை வருவதில்லை. ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போனால் மாத்திரை இலவசம். அதற்கு எப்படியும் நடந்து போக வேண்டும். போனால் அங்கேயே டாக்டர் இருக்கிறார். மருந்துக்கடையில் வாங்கினால் காசு. கூட்டிக் கழித்தால் போன் பேச்சு ஒரு கூடுதல் வேலையாக முடிகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், கடலூர் மாவட்டத்து உறவினர் வீட்டுக்குச் சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் இணையம் பெரிதாகப் பேசப்படுவதே இல்லை. கையில் மாத்திரையோடு ஓர் ஆள் வருகிறார், அவ்வளவுதான். பாகூரைத் தமிழ்நாட்டு ஊர்கள் சுற்றி வளைத்திருப்பதால் இந்த ஒப்பீட்டைக் கல்யாண வீட்டுப் பந்தியிலேயே மக்கள் செய்துவிடுகிறார்கள். எந்த ஆய்வாளரும் வந்து கேட்க வேண்டியதில்லை.

இனி இரண்டாவது வழி. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், 2003-இல் தவளக்குப்பத்துக்கு வந்தது. அதற்கு முன்பே அரவிந்தை உலுக்கிய ஒரு கேள்வி இருந்தது. இலவச முகாம் ஊருக்கே போகிறது, கண்ணாடி உண்டு, அறுவை சிகிச்சை உண்டு. கண்ணில் குறை உள்ள எல்லோரும் வருகிறார்களா? 1999-இல் வெளியான ஆய்வு ஒன்று, தேவைப்பட்டவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடுதான் என்று காட்டியது. வராதவர்கள் சொன்ன காரணங்களில் பயம் இருந்தது, செலவு இருந்தது, வீட்டுப் பொறுப்பை விட்டு வர முடியாமை இருந்தது. வயசானால் கண் மங்கத்தான் செய்யும் என்ற சமாதானமும் இருந்தது. என் பார்வையில், நோயாளியின் விருப்பம் பற்றி நம் பக்கத்தில் நடந்த ஆய்வுகளில் பயனுள்ளது இதுவே. சேவை இலவசம், அருகில் வருகிறது என்ற இரண்டு போதாது என்பதை இணையம் கிராமத்துக்கு வருவதற்கு முன்பே அது சொல்லிவிட்டது.

அந்தப் பாடத்தில் பிறந்ததுதான் விஷன் சென்டர். முகாம் ஒரு நாள் வந்து போகும். சென்டர் நிரந்தரமாக ஊரில் இருக்கும். தேனிப் பக்கத்தில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்றின் துணையோடு, நெடுந்தூர வைஃபை வழியாகச் சென்டர்களை மருத்துவமனையோடு இணைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு சென்டரும் ஏறத்தாழ 50,000 பேருக்கு என்று திட்டம். தொடக்க ஆண்டுகளில் 20 ரூபாய் கட்டினால் மூன்று முறை வரலாம். இலவசமாகவே வைத்திருக்கலாம், வைக்கவில்லை. அது கெட்டிக்காரத்தனம் என்றே நினைக்கிறேன். கட்டிய காசுக்கு மறுபடி வந்து கேட்கும் உரிமை வந்துவிடுகிறது.

சென்டருக்குள் என்ன நடக்கிறது என்பது முக்கியம். பிளஸ் டூ முடித்துவிட்டு அரவிந்திலேயே இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற, சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்த பெண் அங்கே இருப்பார். பெயர், ஊர் விசாரிப்பார். எழுத்துப் பலகை, பிறகு ஸ்லிட் லாம்ப் கருவி, தேவைப்பட்டால் விழித்திரைப் படம். இவ்வளவும் முடிந்த பிறகு, கடைசியில், டாக்டர் திரையில் வருகிறார். அவர் முன்னால் ஏற்கெனவே படமும் குறிப்பும் இருக்கின்றன. இரண்டு மூன்று கேள்வி கேட்பார். கண்ணாடி போதும் என்பார், அல்லது தவளக்குப்பம் வாருங்கள் என்பார். கண்ணாடிக்கு அங்கேயே ஏற்பாடு. வந்தவர்களில் பெரும்பாலோர் விஷயம் அந்த அறைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

நோயாளியின் வாயிலிருந்து இதைக் கேட்டால் 'அரவிந்த் போயிட்டு வந்தேன்' என்பார். இணையத்தில் மருத்துவம் பார்த்தேன் என்று சொல்ல மாட்டார். அப்படி அவர் நினைக்கவும் இல்லை. 'ஆன்லைனில் டாக்டரைப் பார்க்க உங்களுக்கு விருப்பமா?' என்று ஒரு கேள்வித்தாளில் கேட்டால் இவரே தலையை ஆட்டி மறுக்கக்கூடும். இப்படிப்பட்ட ஆய்வுகளில் எனக்கு இருக்கும் பெரிய சங்கடம் இது. இவை சார்ந்து நிற்கும், 1989-இல் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் வகுத்த மாதிரி வடிவம், பயன் உண்டு என்ற எண்ணமும் பயன்படுத்த எளிது என்ற எண்ணமும் விருப்பத்தை உண்டாக்கும் என்கிறது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்த காலத்து ஊழியர்களை மனத்தில் வைத்துச் செய்தது அது. அவர்கள் கருவியைத் தாமே தொட்டார்கள். விஷன் சென்டரில் நோயாளி எந்தப் பொத்தானையும் அழுத்துவதில்லை. எளிதா கடினமா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. போதாததற்கு, இத்தனை மருத்துவக் கல்லூரிகள் சூழ்ந்த இந்தக் கிராமங்களில் நோட்டும் பேனாவுமாகப் பயிற்சி டாக்டர்கள் வீடு வீடாக வந்து கேட்பது மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. பிள்ளைகள் வெயிலில் வந்திருக்கிறார்களே என்று மோர் கொடுத்து, கேட்ட எல்லாவற்றுக்கும் 'சரிப்பா' என்று சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. அந்த 'சரிப்பா' மேசையில் விருப்பமாகப் பதிவாகிறது.

ஒப்பீடு நியாயமா என்று இந்த இடத்தில் கேட்க வேண்டும். முழு நியாயம் இல்லை. கண் படம் எடுக்கத் தோதான உறுப்பு. கண்புரை டாக்டருக்குத் திரையிலேயே தெரிந்துவிடும். வயிற்று வலி அப்படி இல்லை, அழுத்திப் பார்த்தால்தான் ஓரளவு சொல்லலாம். அரவிந்த் ஒரே நிறுவனம், அரை நூற்றாண்டு நற்பெயர். இ-சஞ்சீவனி காய்ச்சல் முதல் கர்ப்பம் வரை எல்லாவற்றையும் தாங்க வேண்டிய அரசின் பொதுக்கதவு. தராசில் எடைக்கற்களே வேறு வேறு.

ஆனால் இ-சஞ்சீவனிக்குள்ளேயே இதே ஒப்பீடு தற்செயலாக நடந்திருக்கிறது. அதற்கு இரண்டு கிளைகள். ஒன்று மேலே சொன்ன வீட்டு ஓபிடி. மற்றது அதற்கும் முன்பே, 2019 நவம்பரில் வந்தது. துணைச் சுகாதார நிலையத்தில் (சப்சென்டர்) ஒரு சுகாதார அலுவலர், ஊர்ப் பேச்சில் நர்ஸம்மா, நோயாளியோடு உட்கார்ந்து, பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, டாக்டரை இணைத்துத் தருவது. நோய்களும் அதே, அரசும் அதே, மென்பொருளும் அதே. 2022 மார்ச்சில் நாடு முழுவதும் ஆலோசனைகள் மூன்று கோடியைத் தொட்டபோது இரண்டேகால் கோடிக்கு மேல் நிலையங்கள் வழியாக வந்தவை; வீட்டிலிருந்து பேசியவர்கள் முக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவு. தொடக்கத்தில் வீட்டு ஓபிடியால் முன்னணியில் இருந்த தமிழ்நாட்டை, நிலையங்களை வலுவாகக் கட்டிய ஆந்திரம் தாண்டிப் போனது. 2023 பிப்ரவரியில் மொத்தம் 10 கோடியைத் தாண்டியது. பயனடைந்தவர்களில் பெண்கள் 57 விழுக்காடு என்றது சுகாதார அமைச்சகம். இணையத்தைக் குறைவாகப் பயன்படுத்துபவர்களாகக் கணக்கெடுப்பு காட்டும் அதே பெண்கள்! நர்ஸம்மா பக்கத்தில் இருந்ததால் இணையம் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவில்லை.

அந்த நர்ஸம்மா செய்வது என்ன? கருவியை இயக்குவது சிறிய பங்கு. டாக்டர் சொன்னதைத் திரும்ப நம் பேச்சில் சொல்கிறார். மாத்திரையை அங்கேயே எண்ணிக் கொடுக்கிறார். எல்லாவற்றையும் விட, நாளைக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு ஒரு முகமாக இருக்கிறார். திரை டாக்டர் தவறு செய்தால் பாகூர்ப் பெண் யாரைப் பிடிப்பார்? சப்சென்டர் சிஸ்டரைப் பிடிக்கலாம். செவ்வாய்க்கிழமை எங்கே இருப்பார், புதன்கிழமை எந்தத் தெருவுக்கு வருவார் என்று தெரியும். நம்பிக்கை என்று ஆய்வுகள் சொல்வது இங்கே பெரும்பாலும் இதுதான்: பதில் சொல்ல ஓர் ஆள்.

வில்லியனூருக்கு இது புதுப் பாடமும் அல்ல. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா உதவியோடு, கிராமத் தகவல் மையங்களைப் புதுச்சேரியில் தொடங்கியபோது வில்லியனூரே நடுமையம். எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்கள் கிளைகள். அப்போது கிராமத்தில் இணையம் ஏது. ரேடியோ அலைகளில் தகவல் போனது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரத் தகவலை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மீனவர்கள் யாரும் கம்ப்யூட்டர் முன் உட்காரவில்லை; உட்கார்ந்து எடுத்துச் சொன்னவர்கள் உள்ளூர்த் தொண்டர்கள், அவர்களில் பலர் பெண்கள். மையம் அமையும் இடம் எல்லாச் சாதியினரும் வந்து போகக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. இன்றைய தொலைமருத்துவப் பேச்சில் இந்தக் கடைசி வரி காணாமல் போய்விட்டது. சப்சென்டர் எந்தத் தெருவில் இருக்கிறது, அந்தத் தெருவுக்குள் யார் தயங்காமல் நுழைவார்கள் என்பதும் விருப்பத்தைத் தீர்மானிக்கும் விஷயமே. இதைக் கேட்கும் கேள்வித்தாள் என் கண்ணில் படவில்லை.

பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடவும் முடியாது. அதே ஆள் தடையாகும் நோய்களும் இருக்கின்றன. வெள்ளைப்படுதலை ஊர்க்காரப் பெண்ணான சிஸ்டரிடம் சொல்லிவிடுவார்கள். கல்யாணமாகாத பெண்ணின் மாதவிடாய் தள்ளிப்போனதைச் சொல்வார்களா? மனச்சோர்வை? குடியை? 2022-ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 29.7 என்று புதுச்சேரி நாட்டின் மேல்வரிசையில் நின்றது. தேசிய சராசரி 12.4. இந்த ஊருக்குத் தெரிந்த ஆள் வேண்டாம், தெரியாத குரல்தான் வேண்டும் என்ற நேரங்கள் நிறைய உண்டு. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய, அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் அந்த இடத்தில் நிற்கிறது. 14416 என்ற எண். ஓடிபி வேண்டாம், வீடியோ வேண்டாம், சாதாரண பட்டன் போனே போதும். இரண்டே ஆண்டுக்குள் நாடு முழுதும் 10 லட்சம் அழைப்புகளைத் தாண்டியது. இ-சஞ்சீவனியில் பெயர் தெரியாத டாக்டர் என்பது குறையாக இருந்தது. இங்கே அதே பெயர் தெரியாமைதான் அழைக்க வைக்கிறது. முழங்கால் வலிக்கு ஒரு முறை பேசிப் பார்த்துக் கைவிட்ட அதே குடும்பத்தின் மகன், இரவில் மொட்டை மாடியில் தனியாக நின்று இந்த எண்ணை அழைக்கக்கூடும்.

அவனுக்கு மாத்திரை தேவை என்று அந்தக் குரல் முடிவு செய்தால் அடுத்த நாள் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும். அங்கே ஓபி சீட்டு எழுத வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், ஊர், தெரு. மனநலப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது அவன் தெருக்காரர் ஒருவர் எதிரே கண் பிரிவுக்கு வந்திருப்பார். போனில் பேசியவர்களில் எத்தனை பேர் அந்தப் பெஞ்சு வரை வருகிறார்கள் என்பதைத்தான் அடுத்த ஆய்வு எண்ண வேண்டும்.